அது டாமி டார்சி பாட்டு அல்ல

மனைவியையும் குழந்தையையும் இழந்த துக்கத்தில் 'ப்ரெஷஸ் லார்ட்' என்ற கிறிஸ்தவ பக்திப் பாடலை எழுதியவர் ஸ்விங் (ஜாஸில் ஒரு வகை) இசைக்குழுத் தலைவர் டாமி டார்சி என்று ஒரு உருக்கமான செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. சோகம் நிஜம்தான், ஆள்தான் மாறிவிட்டார்.

எழுதியவர் தாமஸ் ஏ. டார்சி. 1899இல் ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் (கறுப்பின மக்களின் இசை வகை) பாடியவர், ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர் (பக்திப் பாடல்களுக்கு முந்தைய இந்தக் கதையைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள்). 1932 ஆகஸ்டில் அவர் செயின்ட் லூயிஸில் இருந்தபோது, சிகாகோவில் மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார். பச்சிளங்குழந்தையும் பிழைக்கவில்லை. அந்த வேதனையில் பிறந்த வரிகள் அவை. மெட்டு மட்டும் பழைய ஞானப்பாட்டு ஒன்றைத் தழுவியது.

டாமியோ பென்சில்வேனியாவின் வெள்ளைக்கார டிராம்போன் கலைஞர், 1956லேயே காலமானார். தாமஸ் 1993 வரை வாழ்ந்தார்.