சன்ஸ்கிரீன் நானோ துகள் ரத்தத்தில் கலக்குமா? உண்மை விளக்கம்

"சன்ஸ்கிரீனில் உள்ள நானோ துகள்கள் தோல் வழியே ரத்தத்தில் கலந்து புற்றுநோயை உண்டாக்கும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றி வருகிறது. இது தவறு.

கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அந்தத் துகள்கள் டைட்டானியம் டை ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும்தான். பூசியதும் தோலின் மேற்புறத்தில் இருக்கும் இறந்த செல் அடுக்கிலேயே தங்கிவிடும். அந்தச் செல்கள் உதிரும்போது கூடவே உதிரும். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிஏ, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இதையே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழுவும், இந்தத் துகள்கள் 25 சதவீதம் வரை உள்ள சன்ஸ்கிரீனைத் தோலில் பூசலாம் என்கிறது. இரண்டு அறிக்கைகளும் அவற்றின் இணையதளங்களிலேயே உள்ளன.

பயம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. டைட்டானியம் டை ஆக்சைடைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி '2பி' பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் அதற்கு ஆதாரம், தூசியாக அதைச் சுவாசித்த எலிகள். பூசுவது வேறு, சுவாசிப்பது வேறு. அதனால்தான் நுரையீரலுக்குள் போகக்கூடிய ஸ்பிரே வகைக்கு அந்த ஐரோப்பியக் குழு ஒப்புதல் தரவில்லை. முகத்துக்கு நேரே ஸ்பிரே அடிக்காதீர்கள், கிரீம் போதும்.

தோல் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணம் வெயிலின் புற ஊதாக் கதிர். அந்த ஃபார்வர்டை நம்பிக் கிரீமைத் தூக்கி எறிபவர்களை நினைத்தால்தான் கவலை. தயவுசெய்து இனி அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.