கயிலைக்கு நாள் குறைக்கிறவர்களே, கொஞ்சம் கேளுங்கள்!

கயிலாய யாத்திரை என்றதும் முதல் கேள்வி “எத்தனை நாள்?” அடுத்தது “எவ்வளவு?” மூன்றாவது கேள்வியே கிடையாது. எந்த ஊரில் எத்தனை இரவு தங்குகிறோம், அந்த ஊர் எவ்வளவு உயரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. பதினாலு நாள் பயணத்தைப் பத்து நாளாக வெட்டி விற்கிறார்கள். லீவு மிச்சம் என்று நாமும் சந்தோஷமாக வாங்குகிறோம். அந்த நாலு நாளை எங்கிருந்து வெட்டினார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

காத்மாண்டு 1,400 மீட்டர். எல்லை தாண்டியதும் வரும் திபெத் ஊர் கேரூங் ஏறக்குறைய 2,800. அடுத்த ராத்திரி சாகா, சுமார் 4,500. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரே பகலில் 1,700 மீட்டர்! 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவத்தின் அரிச்சுவடி. அந்த ரோட்டில் அதை அப்படியே கடைப்பிடிக்க முடியாது. அதனால்தான் கேரூங்கில் இரண்டு இரவு, சாகாவில் இரண்டு இரவு என்று திட்டம் போடுகிறார்கள். நாள் குறைக்கிறவர்கள் முதலில் கை வைப்பது இந்த இரண்டாவது இரவுகளில்தான். “அங்கே சும்மா உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க?” என்பார்கள். சும்மா உட்கார்ந்தால்தான் ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு உடம்பு பழகும் ஐயா!

ஹெலிகாப்டர் வழி இன்னும் மோசம். நேபாளச் சமவெளி ஊரான நேபாள்கஞ்ச் கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர்தான். அங்கிருந்து மலை ஊர் சிமிகோட், பிறகு எல்லையில் ஹில்சா, பாலம் தாண்டித் திபெத்தின் புராங் என்று இரண்டே நாளில் 4,000 மீட்டர் பக்கம் போய்விடலாம். சிமிகோட்டில் மேகம் மூடினால் எதுவும் பறக்காது. திரும்பும் தேதி முன்பே முடிவாகியிருப்பதால், தொலைந்த அந்த நாளையும் புராங் ஓய்விலிருந்துதான் கழிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மாற்று என்று கழுத்தில் கற்பூரப் பொட்டலத்தை மாட்டிவிடுகிறார்கள். கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கில் காற்று நன்றாகப் போவது போலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் ஏறாது. கையில் பிடிக்கும் ஆக்சிஜன் கேன் இன்னொன்று. பத்து லிட்டர் கேனை நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று இழுத்தால் ஐந்தே நிமிடம்! உயர நோய்க்கான மாத்திரை அசிட்டசோலமைடு வேறு விஷயம். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று பார்த்து டாக்டர் எழுதித் தர வேண்டியது அது. பக்கத்து சீட்டுக்காரர் பிய்த்துக் கொடுக்கிற மாத்திரை அல்ல. கழிவறை மோசம் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தும் அம்மாக்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. வறண்ட குளிர்க்காற்றில் மூச்சு வழியாகவே உடம்பு நீரை இழக்கிறதே!

இத்தனைக்கும் பிறகு தலைவலி, வாந்தி வந்தால்? மேலே ஏறக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலையும் விரலையும் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். ஆனால் கயிலையின் அடிவார ஊரான தார்ச்சேனிலிருந்து இறங்குவது எங்கே? அது பீடபூமி. புராங் சுமார் 100 கிலோமீட்டர். கேரூங் பக்கம் திரும்பினால் நடுவில் 5,000 மீட்டருக்கு மேல் ஒரு கணவாய்! நேபாளத்தைப் போல ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போகாது. போதாததற்கு, சீன விசா குழு முழுவதற்கும் ஒரே தாள். ஒருவர் தனியாக வெளியேற அதைப் பிரிக்க வேண்டும். முன்பணம் கட்டும்போது இதை யார் சொல்கிறார்கள்?

2025-ல் மறுபடி தொடங்கிய இந்திய அரசு யாத்திரையில் வயது 18 முதல் 70 வரைதான், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டக் கூடாது. டில்லியில் மருத்துவப் பரிசோதனை, லிபுலேக் கணவாய் வழியில் போனால் குஞ்சியில் மறுபடி ஒன்று. தனியார் குழுக்களில் எத்தனை இடத்தில் இப்படி வடிகட்டுகிறார்கள்? சர்க்கரை, பி.பி. இருப்பதை மறைத்து வருகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். இன்சுலின் உறைந்தால் வீண். சட்டைக்குள் உடம்போடு வைத்திருக்க வேண்டும். மறைக்கிறவருக்கு இதை யார் சொல்லித் தருவது?

கயிலையைச் சுற்றி வரும் பரிக்ரமா ஏறக்குறைய 52 கிலோமீட்டர், மூன்று நாள். இரண்டாம் நாள்தான் ஆளைச் சாய்க்கும். முதல் இரவு தங்கிய திராபுக்கிலிருந்து விடியுமுன் கிளம்பி, சுமார் 5,630 மீட்டர் உயர டோல்மா லா கணவாய் ஏறி, ஜுதுல்புக் வரை இருபது கிலோமீட்டருக்கு மேல். “குதிரை இருக்கிறதே” என்பார்கள். கணவாய்க்கு அப்புறம் பாறை இறக்கத்தில் குதிரையில் உட்கார விடமாட்டார்கள். நடந்துதான் இறங்க வேண்டும். முட்டி வலிக்காரரிடம் இதை முன்பே சொல்லாதது எவ்வளவு பெரிய அநியாயம்!

திராபுக்கோடு திரும்புகிறவரை “அரைகுறை யாத்திரை” என்று பேசுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கயிலையின் வடமுகம் கண்ணெதிரே நிற்கும் இடம் அது. கால் தேய்ந்து, கை தேய்ந்து, புரண்டு போன அப்பரையே ஈசன் வழிமறித்துத் திருப்பி அனுப்பி, திருவையாற்றில் காட்சி கொடுத்தான். அவரை அரைகுறை என்று சொல்வீர்களா?