தார்ப்பாயைத் தராசுல வைங்க!

ஊட்டியில ஒரு மூட்டை கேரட் வாங்கினா தராசுல வச்சுத்தான் வாங்குறோம். கோத்தகிரியில பச்சைத் தேயிலை போட்டா கிலோ கணக்கு, ஈரத்துக்குன்னு கழிவு வேற. ஆனா பிக்கப் வண்டியில அந்தக் காயை மழையில காப்பாத்துற தார்ப்பாயை மட்டும் கலரைப் பார்த்து வாங்கிட்டு வர்றோம். "நீலம் சாதா அண்ணே, பச்சை கொஞ்சம் ஸ்ட்ராங், சில்வர் கலர் எடுத்துக்கோங்க, அஞ்சு வருஷம் அசையாது." இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. கலர்ங்கிறது பிளாஸ்டிக்ல கலக்குற சாயம், அவ்வளவுதான். கறுப்புச் சாயத்துக்கு வெயில் தாங்குற குணம் உண்டு, இல்லைன்னு சொல்லல. உள்ள இருக்குற நெசவு கொசுவலை மாதிரி இருந்தா எந்தச் சாயம் வந்து தாங்கும்?

பார்க்க வேண்டியது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு. கடையில 200 ஜிஎஸ்எம்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை யார் ஒட்டினா, எதை வச்சு ஒட்டினா, கேக்க ஆள் இல்ல. கண்டுபிடிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. நீளத்தையும் அகலத்தையும் அடியில பெருக்குங்க, 10.76 ஆல வகுங்க, சதுர மீட்டர் வந்துடும். அதை ஜிஎஸ்எம்மால பெருக்கினா எத்தனை கிராம் இருக்கணும்னு தெரியும். 18க்கு 15 அடின்னா 270 சதுர அடி, அதாவது 25 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் உண்மைன்னா தராசு 5 கிலோ காட்டணும். 3 கிலோதான் காட்டுதா? அது 120. காசு 200க்கு, சரக்கு 120க்கு! கேட்டா "இது மைக்ரான் கணக்கு சார், அதுவும் இதுவும் ஒண்ணுதான்"னு ஒரு சமாளிப்பு. எப்படி ஒண்ணாகும்? மைக்ரான் தடிமன், ஜிஎஸ்எம் எடை. நெய்த துணியில மேடு பள்ளம் இருக்கும், மேட்டுல வச்சு அளந்தா எவ்வளவு வேணும்னாலும் காட்டலாம். நெசவுத் தார்ப்பாய்க்கு ஐஎஸ் 7903, அடுக்கு ஒட்டின ஷீட்டுக்கு ஐஎஸ் 14611ன்னு இந்தியத் தரநிலையே இருக்கு. அந்த நம்பரைக் கேட்டுப் பாருங்க, பேச்சு எப்படி மாறுதுன்னு தெரியும்.

சமவெளியில ஓடுற வண்டிக்கு 120 போதும்னு சொன்னா ஒத்துக்கலாம். இங்க நீலகிரியில முடியாது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு அடிச்சு ஊத்தும். அது ஓயுறதுக்குள்ள அக்டோபர்ல குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு பிடிச்சுக்கும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டின மலை இது. அதுக்கப்புறம் ராத்திரியில உறைபனி, பகல்ல சுள்ளுனு வெயில். 2200 மீட்டர் உயரத்துல வெயிலோட புற ஊதாக் கதிர் கீழ இருக்குறதைவிடக் கடுமை. பூச்சு உரிஞ்சு வெள்ளை வெள்ளையாத் தூள் கொட்ட ஆரம்பிச்சா அந்தத் தார்ப்பாய் முடிஞ்சுது. மழைக்காலத்துல கிழிஞ்சா மழையைத் திட்டுறோம், அதுக்கு முந்தின கோடை வெயில்லயே அது செத்துப் போயிருக்கும்.

அடுத்த கொடுமை அளவு. பிக்கப்புன்னு சொன்ன உடனே 15க்கு 12 எடுத்து நீட்டுறாங்க. கேக்கவே மாட்டேங்குறாங்க, எந்த வண்டி, எவ்வளவு உயரம் லோடு ஏத்துவீங்கன்னு. குட்டி யானைக்கும் பெரிய பிக்கப்புக்கும் ஒரே அளவா? 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள பாடியை எடுத்துக்கோங்க. பக்கப் பலகைக்கு மேல 3 அடி மூட்டை நிக்குது. தார்ப்பாய் மேல ஐந்தரை அடி மூடி, ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி இறங்கி, பலகைக்கு வெளியே இன்னும் ஒரு அடி தொங்கணும். கூட்டுங்க: பதிமூன்றரை. 12 அடி அகலத்தைப் போட்டா பலகை விளிம்பைத் தாண்டி ரெண்டு பக்கமும் மூணே அங்குலம். மூட்டை புடைச்சு நின்னா அந்த மூணு அங்குலமும் போச்சு. ஓரம் பலகைக்கு உள்பக்கமா நழுவிடும், மேல விழுற தண்ணி மொத்தமும் ஓடை மாதிரி பாடிக்குள்ளதான் இறங்கும். இதுக்குத் தார்ப்பாய் போடாமலே ஓட்டலாம். நீளத்துக்கு 9, பின்னாடி இறங்க 4, முன்னாடி கேபின் பக்கம் இறக்கிச் செருக 3, ஆக 16. இன்னொண்ணு, ஸ்டிக்கர்ல போட்டிருக்குற அளவு பெரும்பாலும் வெட்டின அளவு. ஓரம் மடிச்சு ஒட்டினதுக்கு அப்புறம் அரை அடி வரைக்கும் குறையும். கடையில கிடைக்குற ரெடி அளவுல இந்த வண்டிக்குப் பொருந்துறது 18க்கு 15 தான். மிச்சத்தை மடிச்சுக் கட்டிக்கலாம், பத்தாததை இழுத்து நீட்ட முடியாது.

பெரிய தார்ப்பாய் வாங்கியாச்சு, சரி. தட்டையா விரிச்சா? மூட்டைக்கு நடுவுல குழி விழும். ஆறு அடிக்கு மூணு அடி குழியில ரெண்டு அங்குலம் தண்ணி நின்னாலே 85 லிட்டர். குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறப்ப ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் அந்த 85 கிலோ ஒரு பக்கமா உருண்டு போய் மோதுது. ஓரத்துல கயிறு கோக்குற கண்ணு பிய்யுறதும், மூட்டை சாயுறதும் இதனாலதான். வளைவுக் கம்பி போடுறதைச் செலவுன்னு நினைக்கிற முதலாளிங்களைப் பார்த்தாத்தான் ஆத்திரம் ஆத்திரமா வருது. 9 அடி பாடிக்கு மூணு அடிக்கு ஒண்ணா நாலு வில் கம்பி, நடுவுல முதுகுக் கம்பி ஒண்ணு, ஓரத்தைவிட நடு முக்கால் அடி உயரம். தண்ணி நிக்கவே நிக்காது. ஒரு இன்ச் ஜிஐ பைப் போதும். வெல்டிங் போட்ட இடத்துல முள்ளு முள்ளா நிக்குறதை அரைக்காம விட்டா தார்ப்பாய் ஒரே வாரத்துல அதே இடத்துல ஓட்டை. அரைச்சுட்டு, துணி படுற இடமெல்லாம் பழைய சைக்கிள் ட்யூபைச் சுத்தி விடச் சொல்லுங்க. பட்டறைக்காரர் தானா செய்ய மாட்டார், பக்கத்துல நின்னு செய்யச் சொல்லணும்.

கண்ணுன்னு சொன்னேனே, அதைக் கிட்ட வச்சுப் பாருங்க. மூணு அடிக்கு ஒரு அலுமினிய வளையம், ஒத்தைத் துணியில அமுக்கி வச்சிருப்பாங்க. பெருவிரலை விட்டு ஒரு திருகு திருகினா வளையம் துணியோட சேராம தனியாச் சுத்தும். சுத்துற வளையம் ஒரு பயணம் தாங்காது. ஓரத்து மடிப்புக்குள்ள கயிறு ஓடணும், மூலையில முக்கோண ஒட்டுத் துணி இருக்கணும், கண்ணு ஒன்றரை அடிக்கு ஒண்ணு வேணும். நடுவழியில கண்ணு பிஞ்சா, உருண்டைக் கூழாங்கல் ஒண்ணைத் துணிக்கு அடியில வச்சு, மேல துணியோட சேர்த்துக் கழுத்தை இறுக்கிக் கயித்தைக் கட்டுங்க. பிடுங்கவே பிடுங்காது.

கயிறு விஷயத்துல டிரைவருங்களையும் விட முடியாது. லோடைக் கட்டுற கயிறு வேற, தார்ப்பாயைக் கட்டுற கயிறு வேற! மூட்டையைக் கட்டாம தார்ப்பாயாலயே இறுக்கிப் பிடிச்சா, வளைவுல ஒரு டன் சாயுற பாரம் அந்த அலுமினிய வளையத்து மேலதான் விழும். நைலான் கயிறு நனைஞ்சா நீளும். ஊட்டியில வீணைக் கம்பி மாதிரி இறுக்கினது பர்லியாறு வர்றதுக்குள்ள தொளதொளன்னு ஆடும், ஆடுற துணி காத்துல அடிச்சு அடிச்சே கிழியும். கயித்து முனையில ட்யூப் ரப்பர் பட்டையைச் சேர்த்துக் கட்டினா கயிறு நீண்டாலும் ரப்பர் இழுத்துப் பிடிச்சுக்கும். முன்பக்கத்தை முதல்ல கீழ இறக்கிக் கட்டணும், அப்புறம் பக்கம், கடைசியா பின்பக்கம். மூலை மடிப்போட வாய் பின்னாடி பார்த்து இருக்கணும். முன்னாடி பார்த்து மடிச்சா அது பை மாதிரி காத்தையும் மழையையும் உள்ள வாங்கும்.

இவ்வளவும் சரியாச் செஞ்சுட்டு, காத்துப் புகாம மூடிக் காயைக் கெடுக்குறவங்களும் இருக்காங்க. கழுவின கேரட் ஈரத்தோட ஏறுது. மேல குளிரு, மேட்டுப்பாளையத்துல வேக்காடு. கீழ இறங்க இறங்க சூடான ஈரக்காத்து குளிர்ந்த மூட்டை மேல பட்டு வேர்க்கும், அந்த வேர்வை வெளியேற வழியில்லாம உள்ளயே புழுங்கும். அப்புறம் மண்டியில மூட்டையைப் பிரிச்சுக் கொளகொளன்னு இருக்குன்னு விலையைக் குறைச்சா யாரைக் குத்தம் சொல்றது? மழை விட்டதும் பின்பக்கத்துக் கீழ் ஒரு அடியைத் திறந்து விடுங்க. பச்சை இலைக்கு இது இன்னும் முக்கியம், இறுக்கி மூடினா இலை சூடேறிச் சிவந்துடும். கேன்வாஸ் துணி மூச்சு விடும், உண்மைதான். ஆனா நனைஞ்சா தூக்க ரெண்டு ஆள் வேணும், பனிமூட்டத்துல காயாம ஈரத்தோட மடிச்சா பூஞ்சணம் பூத்து இத்துப் போகும். பிவிசி பூசின கனத்த துணி 600 ஜிஎஸ்எம்ல நல்லா உழைக்கும், 18க்கு 15 கிட்டத்தட்ட 15 கிலோ வரும். உறைபனிக் காலையில அட்டை மாதிரி விறைச்சு நிக்கும், அப்ப வலிச்சு மடிக்கக் கூடாது, மடிச்ச கோட்டுலயே வெடிக்கும்.

ரெண்டு வரிசை சீட்டும் பின்னாடி திறந்த தொட்டியும் உள்ள டபுள் கேபின் வண்டி வச்சு காட்டேஜ் நடத்துறவங்களுக்கு வேற விதமான ஏமாத்து. மடிக்குற அலுமினிய மூடி, சுருட்டுற ஷட்டர், எல்லாத்துக்கும் "நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்"னு விளம்பரம். மேல ஒழுகாது, சரி. பின் கதவைச் சுத்தி இருக்குற இடுக்குக்கு யார் ரப்பர் வச்சுக் கொடுத்தா? ஷட்டர் பெட்டியில இருந்து தண்ணி வெளியேற மூலையில சின்ன குழாய் வச்சிருப்பாங்க. சில்வர் ஓக் இலை ரெண்டு சொருகினா அடைச்சுக்கும், தண்ணி உள்ளதான் கொட்டும். மாசம் ஒரு தடவை அந்தக் குழாயை ஊதி விடணும்னு விக்கிறப்ப ஒரு வார்த்தை சொன்னா என்ன?

கிழிஞ்சதைத் தைக்கிறோம்னு ஊசி போட்டா தையல் ஓட்டை ஒவ்வொண்ணும் ஒழுகும். பஞ்சர் சொல்யூஷன் பாலித்தீன்ல ஒட்டவே ஒட்டாது, காஞ்சதும் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். சூடு வச்சு ஒட்டணும், இல்லைன்னா ரெண்டு பக்கமும் தார்ப்பாய் டேப். ஒண்ணும் செய்யாம விட்டா நார் நாரா உதிருது. தண்ணி பாட்டில் கொண்டு போறோமான்னு செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்திப் பார்க்குற மாவட்டத்துல, ரோட்டோர வேலியெல்லாம் நீல நாரு தொங்குது. புல்லோட சேர்த்து அதை மேயுறது நம்ம மாடும் காட்டெருமையும்தான்.

கடையில வாங்குறப்ப விரிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, ஊசி ஓட்டை தெரியும். மூலையைக் கசக்குங்க, பூச்சு உரியுதான்னு பாருங்க. நடுவைப் பை மாதிரி பிடிச்சு ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் கழிச்சு அடியில கை வைங்க. டேப் வச்சு அளங்க, தராசுல வைங்க. பில்லுல நீளம், அகலம், ஜிஎஸ்எம், எடை நாலையும் எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னு சொன்னா, தார்ப்பாயை மடிச்சு அவர் மேசையிலேயே வச்சுட்டு அடுத்த கடைக்குப் போங்க.