பட்டம் வாங்கியதற்காக எனக்கு இன்னொரு ஓட்டு வேண்டாம்

சட்டசபைக்கு இரண்டாவது சபையாக இருந்த மேலவையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் போட்ட கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விளக்கப் போவதில்லை. வந்தவர்கள் நேரிலேயே பார்த்தீர்கள். வராதவர்களுக்கு இதற்குள் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். உடனே எழுத வேண்டாம் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். "பெரியவர் ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டார், விட்டுடுங்க" என்று ஆளாளுக்குப் போன் செய்கிறார்கள். வாய் தவறவில்லை. மேடையில் பேசிய அந்தப் பெரியவர் நிறுத்தி நிதானமாக, கைதட்ட இடம் விட்டுச் சொன்னார். "மூட்டை தூக்குறவனுக்கும் ஒரு ஓட்டு, முனைவர் பட்டம் வாங்கினவனுக்கும் ஒரு ஓட்டுன்னா சட்டசபை இப்படித்தான் இருக்கும். அதுக்குத்தான் மேலவை திரும்ப வரணும்."

கைதட்டினார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தட்டியது யார்? தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். துறைமுகத்திலும் மில்லிலும் காசிமேட்டிலும் உழைத்த கையால் படிக்க வைக்கப்பட்ட பிள்ளைகள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். 1986-ல் தமிழ்நாடு இரண்டு சபையிலிருந்து ஒரு சபைக்கு வந்தது சரி. திரும்பிப் போகக் கூடாது. ஏன் என்றால், மேலவை என்பது படித்தவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. மற்ற காரணங்களையெல்லாம் விட்டுவிடுங்கள். செலவு பற்றிக்கூட நான் பேசவில்லை. பணம் போனால் போகட்டும். இந்த ஓட்டுக் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். மேலவையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஆறில் ஒரு பங்கு ஆளுநர் நியமனம். மிச்சம், மொத்த இடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தால் பட்டதாரி தொகுதியில் உங்களுக்கு ஓட்டு உண்டு. ஆசிரியர் என்றால் அதற்கும் தனி ஓட்டு. ஆனால் எல்லா ஆசிரியருக்கும் கிடையாது. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் வேலை பார்த்தால்தான் உண்டு. மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் என் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்த டீச்சர், இந்தக் கணக்கில் ஆசிரியரே இல்லை! இதுதான் நீங்கள் மீட்டெடுக்கத் துடிக்கும் அறிவாளிகள் சபையின் அஸ்திவாரம்.

பட்டதாரி ஆசிரியர் ஒருவருக்கு எம்.எல்.ஏ.வுக்கு ஒரு ஓட்டு, பட்டதாரி தொகுதியில் ஒன்று, ஆசிரியர் தொகுதியில் ஒன்று. வார்ஃபில் கோணி தூக்கியவருக்கு ஒன்றோடு சரி. பெரியவர் மேடையில் கேட்ட வித்தியாசம் ஏற்கெனவே அதில் எழுதியே இருக்கிறது. அவர் அதை உரக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இதை இங்கே பல பேர் அறிவீர்கள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், தெருவில் படிக்கத் தெரியாதவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காக. எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து வந்த காலம் ஒன்று உண்டு. மஞ்சளாக வரும், நுரைக்கும். அப்பா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதைப் பிடித்து வைத்து, மூடியில் தேதி எழுதச் சொல்வார். எழுதுவது நான். எந்த நாள் வந்தது, எத்தனை மணிக்கு, எந்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றாலை போனது, எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒருநாள் காலையில் அந்த நோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அங்கே இருந்தவர்கள் "மனு இருந்தா குடுத்துட்டுப் போப்பா" என்றார்கள். அப்பா மனு கொடுக்கவில்லை. உள்ளே போய், மேஜை மேல் பாட்டிலை வைத்து, மூடியைத் திறந்தார். அந்த அறை முழுக்க நாற்றம். எம்.எல்.ஏ. எழுந்து நின்றுவிட்டார். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

குழாய் உடனே மாறவில்லை. ஆனால் மாறியது. அந்த எம்.எல்.ஏ. மகான் என்று நான் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தே ஆக வேண்டியவர், அவ்வளவுதான். பட்டதாரி தொகுதி எம்.எல்.சி. (மேலவை உறுப்பினர்) ஒருவருக்கு என் அப்பா யார்? வாக்காளர் பட்டியலிலேயே இல்லாத ஆள். அவர் பாட்டிலைத் திறந்து வைத்தால் ஜன்னலைத் திறப்பார், வேறென்ன செய்வார்?

2010 நினைவிருக்கிறதா? மேலவை திரும்ப வேண்டும் என்று ஏப்ரல் 12-ம் தேதி பேரவையில் தீர்மானம் வந்தது. மே மாதமே நாடாளுமன்றத்தில் சட்டமும் நிறைவேறியது. 78 பேர் கொண்ட மேலவை. அதில் பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7. பட்டதாரி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, கூட வேலை பார்த்த ஒருவர் எனக்கும் ஒரு படிவம் கொடுத்தார். வீட்டில் வைத்திருந்தேன். அப்பா எடுத்துப் படித்தார். அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் முழுக்கப் படிப்பார். படித்துவிட்டு, "இன்னாம்மா, இதுல நான் எங்க கையெழுத்து போடணும்?" என்றார். வீட்டில் எல்லோர் பேரும் சேர்க்கிற படிவம் என்று நினைத்துவிட்டார். இது டிகிரி படித்தவர்களுக்கு மட்டும் என்றேன். "ஓ" என்று மடித்து வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் அவர் மேல் வரவில்லை. அந்தப் படிவத்தை நான் நிரப்பவும் இல்லை. அப்புறம் உச்ச நீதிமன்றத் தடை, 2011-ல் ஆட்சி மாற்றம், மேலவை வேண்டாம் என்று மறு தீர்மானம். தேர்தலே நடக்கவில்லை.

சரி, இப்போது என் இன்பாக்ஸில் வந்து பாடம் எடுப்பவர்களுக்கு.

"எம்.ஜி.ஆர். என்ன கொள்கைக்காகவா கலைத்தார்?" இல்லைதான். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டிருந்த ஒரு நடிகையை மேலவைக்குக் கொண்டுவரப் போய்ச் சிக்கலானது. அதே வருடம் உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. நன்றாக ஜெயித்திருந்தது, அந்த உறுப்பினர்கள் மூலமாக மேலவையில் அவர்கள் பலம் கூடியிருக்கும். கலைஞரும் அப்போது மேலவையில்தான் இருந்தார். 1986 மே 14-ல் தீர்மானம், நவம்பர் 1-ல் மேலவை இல்லை. கோபத்தில் எடுத்த முடிவாகவே இருக்கட்டும். முடிவு சரியா தப்பா என்பதுதான் என் கேள்வி. அன்று முதல் 2011 வரை தி.மு.க. வந்தால் மேலவை வேண்டும் என்று தீர்மானம் (1989, 1996, 2010), அ.தி.மு.க. வந்தால் வேண்டாம் என்று தீர்மானம். இரண்டு பக்கத்து நண்பர்களும் என்னைத் திட்டலாம். நான் எந்தக் கட்சிக்கும் இதை எழுதவில்லை.

"அவசரச் சட்டங்களைத் தடுக்க ஒரு சபை வேண்டாமா?" இதைத்தான் பலரும் கேட்கிறார்கள், கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் மேலவையால் தடுக்க முடியாது. சாதாரண மசோதாவை முதல் தடவை மூன்று மாதம் வைத்திருக்கலாம். பேரவை மறுபடி அனுப்பினால் ஒரு மாதம். அப்புறம் மேலவை சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் சட்டம்தான். பண மசோதா என்றால் 14 நாள். ஆந்திராவில் 2020-ல் மாநிலத்துக்கு மூன்று தலைநகர் என்ற மசோதாவை மேலவை இழுத்தடித்தது. உடனே ஆளுங்கட்சிக்காரர்கள் மேலவையையே கலைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். மேலவையிலும் தங்கள் ஆட்கள் அதிகமானதும், 2021-ல் அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இதுதான் அந்தக் காவல்.

தடுப்பது யார் என்று நான் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21, தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். எந்த மேலவை தடுத்தது? தொழிற்சங்கங்கள் தடுத்தன. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்துப் பேசின. நம் ஊர்க்காரர்களுக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்? 1918-ல் பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவோடும் திரு.வி.க.வோடும் சேர்ந்து சங்கம் கட்டியபோது, சொத்தும் வரியும் இருந்தவனுக்குத்தான் ஓட்டு. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டே கிடையாது. 1952 தேர்தலில்தான் நம் தாத்தா பாட்டிகள் முதல்முறையாக எல்லோரும் சமம் என்று வரிசையில் நின்றார்கள். அதே வருடம் என்ன நடந்தது? தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார், அந்த வழியாக அவர் முதலமைச்சர் ஆனார். மறுவருடம் கிராமத்துப் பள்ளிகளில் குலக்கல்வித் திட்டம் வந்தது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் அப்பன் தொழில். மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்த ஒருவருக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா?

"அண்ணாவும் எம்.எல்.சி.தானே?" ஆமாம். ஆனால் 1967-ல் தென்சென்னையில் மக்களிடம் ஓட்டுக் கேட்டு எம்.பி.யாக ஜெயித்துவிட்டு வந்தவர். இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

"ரெட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, முத்துலட்சுமி ரெட்டி எல்லாம் மேலவையில் இருந்துதானே சாதித்தார்கள்?" இதை ஒரு பேராசிரியரே எழுதியிருக்கிறார். ஐயா, அவர்கள் பேசிய காலத்தில் சென்னை மாகாணத்துக்கு இருந்ததே ஒரு சபைதான். 1935 சட்டத்துக்குப் பிறகு, 1937-ல்தான் இரண்டாவது சபை வந்தது. பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எல்லோருக்கும் என்ற தீர்மானமும் தேவதாசி முறைக்கு எதிரான குரலும் எழுந்தது அந்த ஒரே சபையில்தான்.

மாற்றுத்திறனாளிகளும் திருநங்கைகளும் நியமனம் வழியாகவாவது வரலாமே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அந்த அக்கறையை மதிக்கிறேன். அவர்கள் வர வேண்டும். 2025-ல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்கச் சட்டம் வந்தபோது மனதார மகிழ்ந்தேன். ஆளுநர் கையால் மேலே போவதைவிட, வார்டில் வந்து உட்காருவது மேல்.

உண்மையில் என் வயிற்றெரிச்சலே இங்கேதான். மேலவை, மேலவை என்கிறீர்களே, எங்களுக்குக் கீழே இருக்க வேண்டிய சபை என்ன ஆனது? 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னை மாநகராட்சிக்குக் கவுன்சிலர்களே இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல்! தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைப் பார்ப்பது? கொரோனா வந்து தெருவுக்குத் தெரு தகரம் அடித்தார்களே, அப்போது யாரைப் பார்த்தோம்? ஆர்.கே. நகரில் பணப்பட்டுவாடாவால் இடைத்தேர்தல் ரத்தாகி, 2017-ல் ஏறக்குறைய அந்த வருடம் முழுக்க எம்.எல்.ஏ.வும் இல்லை. அந்த வருடங்களில் எந்த அறிவுஜீவியும் இந்தச் சபையை மீட்க ராயபுரத்தில் மண்டபம் பிடித்துக் கூட்டம் போடவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்கள் வெறுங்கையோடு பக்கெட்டிலும் மக்கிலும் அள்ளினார்கள். கையில் ஒட்டிய அந்தக் கறுப்பு, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகவில்லை. அவர்களுக்காக 171-வது பிரிவில் எத்தனை இடம் இருக்கிறது? படித்தவனுக்குத் தனி இடம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவனுக்கு இருக்கிறதா? லோடு ஏற்றுகிறவனுக்கு? மீன் விற்கிற அக்காவுக்கு?

படிப்பை நான் குறைத்துப் பேசுவதாகச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதற்காக அப்பா எத்தனை டபுள் ஷிப்ட் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அவர் முதுகில் ஏறி வந்த பட்டத்தைக் காட்டி, அவருக்கு இல்லாத ஒரு ஓட்டை நான் வாங்க மாட்டேன். கேரளாவில் மேலவை இல்லை. அங்கே சட்டம் போடத் தெரியாமலா தவிக்கிறார்கள்? இன்று ஆறு மாநிலங்களில் மட்டும்தான் இருக்கிறது. நாம் ஏழாவதாகப் போய் நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மேலவைக்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போவதாகக் கூட்டத்தில் அறிவித்தீர்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன், கையெழுத்துக் கிடைக்காது. வார்டுக்குள் மக்களே கூடிப் பேசும் ஏரியா சபைக்கு 2022-ல் விதிமுறைகள் வந்திருக்கின்றன, அது ஒழுங்காகக் கூடுகிறதா என்று கேட்க எத்தனை பேர் வருகிறீர்கள்? மண்டபத்தில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் வந்தாலே போதும். அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன். காலையில் வைத்தால் காசிமேட்டில் வியாபாரத்தில் இருக்கும் பெண்கள் யாரும் வர முடியாது என்பதால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.