நீம் ஊர்க்காரர்களின் முதலை

தென் பிரான்ஸில் நீம் என்று ஓர் ஊர். ரோமானியர் கட்டிய பெரிய அரங்கு இன்னும் இடியாமல் நிற்கிற ஊர். அதன் நகரச் சின்னத்தை முதல்முறை பார்க்கிற யாருக்கும் குழப்பம்தான் வரும். சிவப்புக் கேடயம், நடுவில் பேரீச்சை போலொரு பச்சை மரம், அதில் தங்கச் சங்கிலியால் கட்டிப்போட்ட ஒரு முதலை. பிரான்ஸில் ஏது முதலை?

ஒரு காசிலிருந்து வந்தது இது. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ரோமின் தலைவர் ஆக்டேவியன், தன் போட்டியாளர் ஆண்டனியையும் எகிப்து ராணி கிளியோபாட்ராவையும் தோற்கடித்தார். அவருடைய கப்பற்படையை நடத்தியவர் தளபதி அக்ரிப்பா. மறுவருடமே எகிப்து ரோம் வசம். பிறகு ஆக்டேவியன் அகஸ்டஸ் என்ற பட்டத்தோடு ரோமின் முதல் பேரரசர் ஆனார். அப்புறம் நீமில் அடித்த காசில் ஒரு பக்கம் அகஸ்டஸும் அக்ரிப்பாவும் பின்தலை ஒட்டியபடி ஆளுக்கொரு திசை பார்க்கிறார்கள். மறுபக்கம் முதலை, மரம், சங்கிலி. முதலை என்றால் எகிப்து, சங்கிலிக்கு விளக்கமே வேண்டாம். இந்தக் காசு ரைன் நதிக்கரை ராணுவ முகாம்கள் வரை போயிருக்கிறது. சில்லறை வேண்டுமென்றால் சரிபாதியாக வெட்டிக்கொள்வார்களாம். ஒரு துண்டில் அகஸ்டஸ், இன்னொன்றில் அக்ரிப்பா. அப்படி வெட்டுப்பட்ட காசுகள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன.

1535இல் மன்னர் முதலாம் பிரான்சுவா இந்தப் படத்தையே நகரச் சின்னமாக வைத்துக்கொள்ள அனுமதித்தார். நிறத்தின் மேல் நிறம் வைக்கக்கூடாது, உலோகத்தைத்தான் (தங்கம் அல்லது வெள்ளி) வைக்க வேண்டும் என்பது கேடயச் சின்னங்களுக்கான பழைய விதி. சிவப்பில் பச்சையைத் தூக்கி வைத்து நீம் அதையும் மீறியிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

எகிப்தில் சண்டை போட்ட ரோம் வீரர்களுக்கு இங்கே நிலம் கொடுத்துக் குடிவைத்தார்கள், அவர்கள் கொண்டுவந்த நினைவுதான் முதலை என்று ஒரு கதை காலம்காலமாக ஓடுகிறது. நல்ல கதைதான், ஆனால் உறுதியான சான்று கிடையாது. பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. வீரர் கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யார்? வோல்கே அரெகோமிகி என்ற உள்ளூர் ‘கால்’ (Gaul, பழைய பிரான்ஸ்) இனத்தார். கி.மு. 120 வாக்கில் இவர்கள் நாடே ரோமின் பிடிக்குள் போனது. ஆக்டியத்துக்கு நூறு வருடம்கூட முன்னால் இல்லை. ஆக, ரோமுக்கு அடங்கிப்போன ஒரு கூட்டத்தின் ஊரிலிருந்து, தோற்ற நாடொன்றைச் சங்கிலி போட்டுக் காட்டும் காசு புறப்பட்டிருக்கிறது. ரோமின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது என்பேன். நேற்றுப் பிடித்தவனை இன்றைய வெற்றியில் பங்காளி ஆக்கிவிடுவது.

இப்போது நீமில் யாருக்கும் அந்த உறுத்தல் கிடையாது. 1980களில் வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் சின்னத்தைப் புதிதாக வரைந்து கொடுத்தார், நடைபாதைக் கற்களுக்கிடையே அதே முதலை பதித்த உலோகக் குமிழ்கள் கிடக்கின்றன. மார்க்கெட் சதுக்கத்து நீரூற்றிலும் முதலை. கால்பந்து அணிக்கே செல்லப்பெயர் முதலைகள்தான். நகர மன்றக் கட்டடத்துப் படிக்கட்டுக்கு மேலே பாடம் செய்த நான்கு நிஜ முதலைகளைக்கூடத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுமட்டும் கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி.