அசலும் ஜெராக்ஸும்

(நாஷ்வில்லில் இருந்து பிஜன் ஃபோர்ஜ் போகும் சாலை. காரை ஓட்டுவது மருமகன். பக்கத்தில் பேத்தியைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கும் மாமனார். தென்காசிப் பக்கம் 35 வருஷம் பத்திரம் எழுதியவர். பின் சீட்டில் மற்றவர்கள் நல்ல தூக்கம்.)

மாமனார்: எங்க போறோம்னு சொன்னீங்க மாப்பிள்ளை?

மருமகன்: டாலிவுட், மாமா.

மாமனார்: பாலிவுட் தெரியும், கோலிவுட் தெரியும். இதுல யாரு ஹீரோ?

மருமகன்: சினிமா இல்ல மாமா. டாலி பார்ட்டன்னு ஒரு பாடகி. கன்ட்ரின்னு இந்த ஊர் கிராமத்துப் பாட்டு வகை ஒண்ணு, அதுல பெரிய ஆள். அவங்களே எழுதி, அவங்களே மெட்டுப் போட்டு, அவங்களே பாடுவாங்க. அவங்க பேர்ல 1986-ல ஆரம்பிச்ச பார்க்.

மாமனார்: பாட்டுப் பாடி பார்க்கா? நம்ம பக்கம் பாடினவன் ஒருத்தனும் காம்பவுண்டுச் சுவர்கூட கட்டினதில்லையே. பூர்வீகச் சொத்தா?

மருமகன்: பூர்வீகமா! இந்த மலைப்பக்கம்தான் 1946-ல பொறந்தாங்க. 12 பிள்ளைங்கள்ல நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா கொடுத்த ஃபீஸ் ஒரு மூட்டை சோளமாவு.

மாமனார்: பாப்பா பொறந்தப்ப உங்களுக்கு வந்த பில்லைப் பார்த்தேன். மூட்டை சோளமாவே தேவலை.

மருமகன்: 1964-ல பள்ளிக்கூடம் முடிச்ச மறுநாளே நாஷ்வில்லுக்குக் கிளம்பிட்டாங்க. போன முதல் நாளே துணி துவைக்கிற கடை வாசல்ல வருங்காலப் புருஷனைப் பார்த்துட்டாங்க.

மாமனார்: அது சரி. வேலை?

மருமகன்: மூணு வருஷம் கழிச்சு போர்ட்டர் வேகனர்னு ஒருத்தரோட டிவி நிகழ்ச்சியில சேர்ந்தாங்க. ஜிகினா வச்ச கோட்டுப் போட்டுட்டு வருவார். அங்க ஏழு வருஷம். தனியாப் போறேன்னு சொன்னா மனுஷன் காதுலயே போட்டுக்கல. அதனால ஒரு பாட்டு எழுதி, அவர் ஆபீஸுக்கே போய் முன்னால உட்கார்ந்து பாடிட்டாங்க.

மாமனார்: ராஜினாமாவை ராகத்துலயா?

மருமகன்: அவரும் அழுதுட்டு, சரி போன்னுட்டார். பின்னால கேஸும் போட்டார்.

மாமனார்: அது! இப்பதான் கதை நம்புற மாதிரி இருக்கு.

மருமகன்: கோர்ட்டுக்கு வெளியவே பேசி முடிச்சாங்க. அதைவிட பெரிய விஷயம், அந்தப் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாடணும்னு ஆசைப்பட்டார்.

மாமனார்: இடுப்பை ஆட்டிப் பாடுவாரே, அவரா? அப்புறமென்ன, அதிர்ஷ்டம்தானே!

மருமகன்: அவரோட மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர்...

மாமனார்: பட்டாளத்துக்காரரா?

மருமகன்: கர்னல்ங்கிறது சும்மா கௌரவப் பட்டம். எல்விஸ் பாடணும்னா பாட்டோட உரிமையில பாதி எங்களுக்குன்னுட்டார். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் மாமா!

மாமனார்: (நிமிர்ந்து உட்கார்ந்து) பாதிப் பங்கா? பத்திரம் பதியற அன்னைக்குக் காலையில வந்து பாதை விடுன்னு கேக்கிற பய மாதிரி. கையெழுத்துப் போட்டுட்டாங்களா?

மருமகன்: முடியாதுன்னுட்டாங்க. ராத்திரி பூரா அழுதாங்களாம்.

மாமனார்: அழலாம். அழுதுட்டுக் கையெழுத்துப் போடாம இருக்கணும், அதான் விஷயம். அப்பா என்ன படிச்சவர்?

மருமகன்: எழுதப் படிக்கத் தெரியாது. அதை நெனச்சுதான் பின்னால 1995-ல, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு மாசம் ஒரு புத்தகம் தபால்ல அனுப்புற திட்டமே ஆரம்பிச்சாங்க.

மாமனார்: பார்த்தீங்களா! கைநாட்டு வச்சவர் பிள்ளைதான் பத்திரத்தை ரெண்டு தடவை படிக்கும்.

மருமகன்: 1977-ல பாப் பக்கமும் போனாங்க. ஒரு பாட்டு ரொம்ப பாப் மாதிரி இருக்கே, நம்ம ஜனங்க கோவிச்சுக்குவாங்களேன்னு, அதுல ஸ்டீல் கித்தாரைச் சேர்க்கச் சொன்னாங்களாம். அதுதான் கன்ட்ரி பாட்டுக்கு அடையாளம்.

மாமனார்: ரிசப்ஷன்ல நூடுல்ஸ் போட்டாலும் இலை ஓரத்துல ஒரு அப்பளம் வைக்கிற மாதிரி.

மருமகன்: 1980-ல சினிமாவுக்கு ஆபீஸ் வேலையைப் பத்தி ஒரு பாட்டு. ஒட்டு நகத்தை ஒண்ணோட ஒண்ணு தட்டி டைப்ரைட்டர் சத்தம் எடுத்தாங்க. ரெக்கார்டுலயும் அது இருக்கு.

மாமனார்: 35 வருஷம் நிஜ டைப்ரைட்டரைத் தட்டினேன். பக்கத்துக் கடைக்காரன் சத்தம் போடாதீங்கன்னான்.

மருமகன்: இன்னொண்ணு. டாலி மாதிரி வேஷம் போடுற போட்டி ஒண்ணுல யாருக்கும் சொல்லாம அவங்களே போய் நின்னாங்களாம். தோத்துட்டாங்க!

மாமனார்: இதுல என்ன ஆச்சரியம்? அசல் பத்திரம் பழுப்பேறிக் கிடக்கும், ஜெராக்ஸ்தான் பளிச்சுன்னு இருக்கும். எல்விஸ் விஷயத்துக்கு வாங்க. அந்தப் பாட்டு அப்படியே போச்சா?

மருமகன்: 1992-ல விட்னி ஹூஸ்டன்னு இன்னொரு பாடகி அதை ஒரு படத்துக்குப் பாடினாங்க. 14 வாரம் முதலிடம். பாடினவங்களுக்குத் தனிப் பணம், எழுதினவங்களுக்குத் தனிப் பணம். எழுதினவங்க பங்கு டாலிக்கு. அதுல நாஷ்வில்ல ஒரு கட்டடமே வாங்கினாங்க.

மாமனார்: (நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு) 1983-ல நான் ஒரு காவடிப் பாட்டு எழுதினேன் மாப்பிள்ளை.

மருமகன்: நீங்களா? சொல்லவே இல்லையே மாமா!

மாமனார்: மெட்டும் என்னுதுதான். ஊர்ல ஒருத்தன் கேட்டான், ரெண்டு வடையும் ஒரு காபியும் வாங்கிக் குடுத்தான், குடுத்துட்டேன். இன்னைக்கும் பங்குனி உத்திரத்துக்கு மூணு நாள் மைக்செட்ல அதான். 'இயற்றியவர்'னு அவன் பேரைச் சொல்றான்.

மருமகன்: எழுதி எதுவும் வாங்கலையா?

மாமனார்: ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதினேன். அதுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதல. (சிறிது நேரம் கழித்து) அந்த வடையும் ஊசின வடை.

மருமகன்: விடுங்க மாமா. ஒரு ரெண்டு வரி பாடுங்களேன், கேப்போம்.

மாமனார்: பாடுறேன், பாடுறேன்.

(தொண்டையைச் செருமுகிறார். ஸ்டியரிங் பக்கத்தில் நிற்கும் செல்போனைப் பார்க்கிறார்.)

மாமனார்: முதல்ல அதை ஆஃப் பண்ணுங்க.

மருமகன்: அதுலதான் வழி பார்க்கிறேன் மாமா!

மாமனார்: வழி தப்பினா கேட்டுக்கலாம்.