கப்பு வேறு, நாத்தம் வேறு
‘கப்பு’ என்பது நாத்தத்துக்குச் சென்னைக்காரர்கள் வைத்த இன்னொரு பெயர், அவ்வளவுதான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாள் முழுக்க ஷூவுக்குள் கிடந்த சாக்ஸ், வேர்வையில் ஊறிய சட்டை, ஹெல்மெட்டின் உள்பக்கம், பெரும்பாலும் இதற்கெல்லாம்தான் கப்பு. மீன் கழுவிய பாத்திரம் என்றால் கவிச்சி, பஸ் ஸ்டாண்டு சுவரோரம் என்றால் மூத்திர வீச்சம், ஊசிப்போன சாம்பார் என்றால் நாத்தம். ஹாஸ்டல் ரூமில் ‘டேய், கப்படிக்குதுடா, போய்க் குளி’ என்றால் நண்பன் சிரித்துவிட்டுப் போவான், ஆனால் வெயிலில் சித்தாள் வேலை பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறுகிறவர் காதுபட அதையே சொல்வது பச்சையான அவமதிப்பு, இந்த வித்தியாசத்தைக் கட்டுரை தொடவே இல்லை. அப்புறம், ‘மானம் நாறிப்போச்சு’, ‘பொழப்பு நாறுது’ என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே கப்பைப் போட்டுப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.